ஆபிரிக்காவின் ஆண்டுச் சிறந்த வீரர்: உள்ளூர்க் கழகத்தில் ஆடி வென்ற கடைசி மனிதர் யார்?

வாசகர் கேள்வி, 20 நவம்பர் 2025

நேற்று ரபாத்தில் அஷ்ரஃப் ஹக்கிமிக்கு இவ்வாண்டு விருது கொடுத்துவிட்டார்கள். 1973க்குப் பிறகு ஒரு பின்கள வீரருக்குக் கிடைத்தது இதுவே முதல் தடவை என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. ஆபிரிக்க மண்ணிலேயே ஒரு கழகத்தில் ஆடிக்கொண்டு இந்த விருதை வென்ற கடைசி வீரர் யார்? முன்பு இது உண்மையான ஆபிரிக்க விருதாக இருந்தது என்றும், காஃப் எனப்படும் ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பு அதைக் கையில் எடுத்த பிறகுதான் ஐரோப்பிய லீக்குகளின் பரிசாக மாறிவிட்டது என்றும் நான் சொல்கிறேன். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

20 நவம்பர், இரவு

கேள்விக்கு விடை முகமது திமூமி. ஆண்டு 1985. மொரோக்கோவின் இராணுவக் கழகமான ஃபார் ரபாத்தில் அப்போது ஆடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் அக்கழகம் ஆபிரிக்கச் சம்பியன் கழகங்களின் கிண்ணத்தையும் வென்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் விழா நடத்தி, பரிஸில் ஆடும் ஒரு மொரோக்கோ வீரருக்கு விருதைக் கொடுத்திருக்கிறார்கள்.

காஃப் கெடுத்தது என்பதை மட்டும் ஏற்க முடியாது. 1970 முதல் 1994 வரை இந்த விருதைக் கொடுத்தது ஆபிரிக்காவில் உள்ள எந்த அமைப்பும் அல்ல; பிரான்ஸ் ஃபுட்போல் என்ற பிரெஞ்சுச் சஞ்சிகை. காஃப் 1992இல்தான் தன் சொந்த விருதைத் தொடங்கியது. உள்ளூர் வீரர்கள் வென்ற காலம் முழுவதும் பிரெஞ்சுப் பத்திரிகையின் காலம் என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

21 நவம்பர்

முதலாவது விருதையே எடுத்துக்கொள்வோம். 1970இன் தொடக்கத்தில் சூடானில் ஆபிரிக்க நாடுகள் கிண்ணம் நடந்தது. ஐவரி கோஸ்ட்டின் லோரான் போகூ அந்தத் தொடரில் எட்டு கோல்கள் அடித்தார். எத்தியோப்பியாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து. அபிஜானில் அசெக் கழகத்துக்கு ஆடியவர் அவர். ஆபிரிக்க நாடுகள் கிண்ணத்தில் மொத்தம் 14 கோல்கள் என்ற அவரது சாதனையை 2008இல் சாமுவேல் எட்டோ முறியடிக்கும்வரை யாரும் தாண்டவில்லை. ஆனால் முதல் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு பிரான்சில் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்ற செந்த் எத்தியேன் கழகத்தின் மாலி வீரர் சலிஃப் கெய்ட்டாவுக்கே அது போயிற்று.

ஆகவே, ஐரோப்பாவில் ஆடுபவன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான், ஆபிரிக்காவில் ஆடுபவன் காதால் மட்டும் கேட்கப்படுகிறான் என்ற நிலை விருதோடு சேர்ந்தே பிறந்தது. கெய்ட்டா தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் அவர் பிரெஞ்சு லீக்கில் 42 கோல்கள் அடித்தார். 44 அடித்த ஸ்கோப்லார் மார்செய்யில் இருந்ததனால்தான் அவர் இரண்டாவதாக வந்தார்.

கெய்ட்டாவைப் பற்றி நான் முதலில் அறிந்தது புத்தகத்தில் அல்ல. பரிஸுக்கு வந்த புதிதில் நான் வேலை செய்த உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் மாலியின் தலைநகரான பமாக்கோவைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். என்னைவிட மிகவும் மூத்தவர். நானும் அவரும் அரைகுறைப் பிரெஞ்சில் பேசிக்கொள்ளக்கூடிய ஒரே விடயம் உதைபந்தாட்டம்தான். 1967இல் கெய்ட்டா மாலியிலிருந்து புறப்பட்டு லைபீரியா வழியாகப் பிரான்சுக்கு வந்த கதையை அவர் தன் வீட்டில் நடந்த விடயம்போல் சொல்வார். கழகத்தின் ஆட்கள் லு பூர்ஜே விமான நிலையத்தில் காத்திருக்க, கெய்ட்டா ஓர்லியில் வந்திறங்கினார். யாரையும் காணாமல் ஒரு டக்சியை நிறுத்தி, செந்த் எத்தியேனுக்குப் போகச் சொன்னார். தூரம் ஏறக்குறைய 500 கிலோமீற்றர். கட்டணத்தைக் கழகம் கொடுத்தது. அந்தக் கழகத்தின் சின்னத்தில் பின்னாளில் சிறுத்தை வந்ததும் கெய்ட்டாவின் பட்டப்பெயரால்தான்.

21 நவம்பர், சிறிது நேரம் கழித்து

அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். பமாக்கோக்காரர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தொகை ஏறிக்கொண்டே போனது.

23 நவம்பர்

கெய்ட்டாவுக்குப் பிறகு நடந்தது வியப்பானது. 1971 முதல் 1981 வரை தொடர்ந்து பதினோராண்டுகள் விருது ஆபிரிக்காவில் ஆடியவர்களுக்கே போயிற்று: கானாவின் இப்ராஹிம் சண்டே, கினியின் ஷெரிஃப் சுலைமான், சயீரின் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) புவாங்கா, கொங்கோவின் போல் முக்கிலா, மொரோக்கோவின் அஹ்மத் ஃபராஸ், கமரூனின் ரோஜர் மிலா, துனீசியாவின் தாரக் தியாப், கானாவின் அப்துல் ரசாக், கமரூனின் தோமா என்கோனோ, அவர் நாட்டவரான மங்கா ஓங்கேனே, அல்ஜீரியாவின் பெலூமி. 1982இல் எஸ்பன்யோலுக்குச் சென்றிருந்த என்கோனோ அந்தத் தொடர்ச்சியை முறித்தார். 1983இல் எகிப்தின் மஹ்மூத் அல் கத்தீப், 1985இல் திமூமி. அத்தோடு முடிந்தது.

அதே பிரெஞ்சுச் சஞ்சிகை ஏன் இந்தப் பதினோராண்டுகள் ஆபிரிக்காவுக்குள்ளேயே பார்த்தது? நல்லெண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அன்றைக்குச் சிறந்த வீரர்களில் பலர் ஊரைவிட்டு வெளியேற முடியாதவர்களாக இருந்தார்கள். சேகு தூரே ஆண்ட கினியில் ஹாஃபியா கழகம் 1972, 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் ஆபிரிக்கச் சம்பியன் கழகங்களின் கிண்ணத்தை வென்றது என்றால், அதன் வீரர்கள் வேறெங்கும் போகவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மொபூட்டு ஆண்ட சயீரிலும் 1974 உலகக் கிண்ணத்துக்குப் போய்வந்த வீரர்களை ஐரோப்பியக் கழகங்களுக்குப் போகவிடவில்லை. நாம் இன்று ஏக்கத்தோடு பேசும் அந்தப் பொற்காலத்தில் ஒரு பகுதி பூட்டிய கதவின் உட்பக்கம்.

இந்தப் பூட்டை யாரும் விரும்பித் திரும்பக் கேட்கமாட்டார்கள். அதனால்தான் கேள்வியில் உள்ள 'முன்பு' என்ற சொல்லோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. 1974இல் சயீர் ஆபிரிக்க நாடுகள் கிண்ணத்தை வென்றபோது என்டாயே முலம்பா ஒரே தொடரில் ஒன்பது கோல்கள் அடித்தார். இன்றுவரை அது முறியடிக்கப்படவில்லை. ஆனால் விருது கொங்கோ ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மற்றக் கொங்கோவுக்குப் போயிற்று. கரா பிராசவில் கழகத்தை அவ்வாண்டு ஆபிரிக்கச் சம்பியனாக்கிய முக்கிலாவுக்கு. அன்றைய வாக்காளருக்குக் கழகக் கிண்ணமும் ஒரு பெரிய எடைக்கல் என்பது இதனால் தெரிகிறது. இன்று ஆபிரிக்கச் சம்பியன் கழகத்தின் நட்சத்திரத்துக்கு இந்த மேடையில் என்ன இடம் என்பதைப் பின்னர் எழுதுகிறேன்.

24 நவம்பர்

கோல்காப்பாளர்கள் என்கோனோ இருமுறை, மொரோக்கோவின் சாக்கி 1986இல் ஒருமுறை வென்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. இத்தாலியின் ஜான்லூயிஜி புஃபோன் கோல்காப்பாளர் ஆனதே 1990இல் என்கோனோவைப் பார்த்துத்தான். தன் மகனுக்குத் தோமா என்ற பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

25 நவம்பர்

மிலாவைத் தனியாக எழுதாமல் விட முடியவில்லை. 1976இல் யாவுண்டேயின் கனோன் கழகத்தில் இருந்தபோது முதல் விருது. 1990இல், 38 வயதில், இரண்டாவது விருது. இடையில் பதினான்கு ஆண்டுகள். உலகக் கிண்ணத்துக்கு முன்னர் அவர் ரியூனியன் தீவில் செந்த் பியேர் கழகத்துக்கு ஆடி ஏறக்குறைய ஓய்வில் இருந்தார். (நம்மவர் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் தீவு அது. அந்த மைதானத்தின் பார்வையாளர்களில் சின்னச்சாமிகளும் வீராச்சாமிகளும் இருந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.) நாட்டின் ஜனாதிபதியே தலையிட்டு அவரை அணிக்கு அழைத்தார். மாற்று வீரராக இறங்கி ருமேனியாவுக்கு எதிராக இரண்டு, கொலம்பியாவுக்கு எதிராக இரண்டு.

நான் அந்தக் கோல்களை அப்போது பார்க்கவில்லை. அந்த யூனில் யுத்தம் மறுபடியும் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. கமரூன் ஆர்ஜென்டீனாவை வென்றது என்பது எங்களுக்கு வானொலிச் செய்தி மட்டுமே. கொடிக்கம்பத்தின் அருகே மிலா ஆடிய நடனத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பரிஸில் ஒரு பழைய ஒளிநாடாவில்தான் பார்த்தேன்.

28 நவம்பர்

1992 முதல் 1994 வரை இரண்டு விருதுகள் பக்கம் பக்கமாக ஓடின. முதலாண்டு இரண்டும் கானாவின் அபெடி பெலேக்கே போயின. 1993இல் பிரெஞ்சுச் சஞ்சிகை மறுபடியும் அபெடியைத் தேர்ந்தெடுக்க, காஃப் நைஜீரியாவின் ரஷீதி யெக்கினியைத் தேர்ந்தெடுத்தது. 1994இல் சஞ்சிகைக்கு லைபீரியாவின் ஜோர்ஜ் வேயா. காஃபுக்கு இமானுவேல் அமுனிக்கே. ஆபிரிக்க நாடுகள் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் சாம்பியாவுக்கு எதிராக நைஜீரியாவின் இரண்டு கோல்களையும் அடித்தவர் அமுனிக்கே. அப்போது அவர் கெய்ரோவின் சமாலெக் கழகத்தில் இருந்தார். அதே ஆண்டில் லிஸ்பனுக்குச் சென்றார். திமூமிக்குப் பிறகு யாருமில்லை என்ற என் விடைக்கு அவரை அரை விதிவிலக்காக எடுத்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள்: காஃப் முதல் மூன்றாண்டுகளில் உண்மையிலேயே வேறு கண்ணால் பார்க்க முயன்றது.

1995இல் பிரான்ஸ் ஃபுட்போல், அதுவரை ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டுமே கொடுத்துவந்த பலோன் டோர் என்ற தன் பெரிய விருதை ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் எல்லா நாட்டவருக்கும் திறந்தது. முதலாண்டிலேயே வேயா அதை வென்றார். அதன்பின் ஆபிரிக்காவுக்கென ஒரு தனிப் பரிசு சஞ்சிகைக்குத் தேவைப்படவில்லை. பழைய விருதின் உள்ளியல்பை இது காட்டிக்கொடுக்கிறது: பெரிய பந்தியில் இடமில்லாதவர்களுக்குத் திண்ணையில் போட்ட இலை அது. 1987இல் வியன்னாவில் பயர்ன் முனிக்குக்கு எதிராகக் குதிகாலால் கோல் அடித்துப் போர்ட்டோவை ஐரோப்பியச் சம்பியனாக்கிய அல்ஜீரியாவின் ரபா மஜெர் அவ்வாண்டின் பலோன் டோருக்கு வேட்பாளராகக்கூட இருக்க முடியாது. அவருக்குக் கிடைத்தது ஆபிரிக்க விருது. 2016இல் அதே சஞ்சிகை, பழைய விதி இல்லாதிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று மறுகணக்குப் பார்த்தபோதும் பெலே, கரிஞ்சா, கெம்பஸ், மரடோனா, ரொமாரியோ எனத் தென்னமெரிக்கர்களின் பெயர்களே வந்தன. வேயா இன்றும் தனியாக நிற்கிறார்.

30 நவம்பர்

இனி முக்கியமான இடம். எகிப்து 2006, 2008, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை ஆபிரிக்க நாடுகள் கிண்ணத்தை வென்றது. வேறெந்த நாடும் இதைச் செய்ததில்லை. அந்த மூன்றாண்டுகளிலும் விருது பெற்றவர்கள் ஐவரி கோஸ்ட்டின் துரோக்பா, டோகோவின் அடெபயோர், கமரூனின் எட்டோ. எகிப்தியர் ஒருவரும் இல்லை. 1983இல் அல் கத்தீபுக்குப் பிறகு அடுத்த எகிப்தியர் 2017இல் சலா. கண்டத்தையே ஆண்ட அணி இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது.

2008ஐ மட்டும் பாருங்கள். முகமது அபூத்ரிக்கா இறுதியாட்டத்தில் கமரூனுக்கு எதிராக ஒரே கோலை அடித்தார். அவரது அல் அஹ்லி கழகம் அதே ஆண்டில் ஆபிரிக்கச் சம்பியன் லீக்கை வென்றது. கண்டத்தில் வெல்லக்கூடிய இரண்டு பெரிய கிண்ணங்களும் அவர் கையில் இருந்தன. எமானுவேல் அடெபயோர் முந்தைய பருவத்தில் ஆர்செனலுக்காக லீக்கில் 24 கோல்கள் அடித்திருந்தார்; அவரது டோகோ அந்த ஆபிரிக்கக் கிண்ணத்துக்குத் தகுதியே பெறவில்லை. விருது அடெபயோருக்கு. அபூத்ரிக்காவுக்கு நேயர்கள் வாக்களிக்கும் பிபிசி விருதும், ஆபிரிக்காவில் ஆடுபவர்களுக்கென காஃப் வைத்திருக்கும் தனிப் பரிசும் கிடைத்தன. அந்தத் தனிப் பரிசை அவர் நான்கு முறை வாங்கினார்.

2012இல் சாம்பியா லீப்ரவீலில் ஐவரி கோஸ்ட்டைப் பெனல்டியில் வென்றது. 1993இல் சாம்பியாவின் தேசிய அணியை ஏற்றிச்சென்ற விமானம் விழுந்தது அதே நகரத்துக் கடலில்தான். 1988இன் விருதாளர் கலுஷா புவால்யா ஐரோப்பாவிலிருந்து தனியாக வரவிருந்ததால் உயிர் தப்பினார். 2012இல் சாம்பிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராக மைதானத்தில் இருந்தார். அணித்தலைவர் கிறிஸ் கட்டொங்கோ தொடரின் சிறந்த வீரர். அவர் ஆடியது சீனாவில் ஹெனான் கழகத்துக்கு. காஃபின் இறுதி மூவர்: யாயா தூரே, துரோக்பா, அலெக்ஸ் சோங். கட்டொங்கோ அந்த மூவரில்கூட இல்லை. இறுதியாட்டத்தில் தோற்ற தூரே வென்றார்.

இப்போது 2015க்கு வாருங்கள். தூரே தலைவராக இருந்து ஐவரி கோஸ்ட்டுக்கு ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். விருது டோர்ட்முண்டில் கோல்களைக் குவித்த கபோனின் ஒபமெயாங்குக்கு, 143க்கு 136 என்ற கணக்கில். ஆபிரிக்கா தன் சொந்தக் கிண்ணத்துக்கு மதிப்புத் தருவதில்லை என்ற பொருள்பட தூரே கோபத்தோடு பேசினார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த அளவுகோலின்படி 2012இன் விருது அவர் வீட்டு அலமாரியில் இருந்திருக்கக் கூடாது. விருது கொடுக்கப்பட்ட 2016 ஜனவரியில் எங்கள் சமையலறையில் இருந்த அபிஜான் பையனிடம் இதைச் சொன்னபோது, அவன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

1 டிசம்பர்

பிபிசி விருது வெறும் மக்கள் கவர்ச்சிப் போட்டி, எகிப்தியர்கள் தொகையால் வென்றார்கள் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். ஓரளவு உண்மை. காஃபின் விருதை ஒருமுறையும் பெறாத ஜே ஜே ஒக்கோச்சா 2003இலும் 2004இலும் பிபிசியின் விருதை வென்றார் என்பதற்கு நைஜீரியாவின் சனத்தொகையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நைஜீரியர்களின் தொகை கட்டொங்கோவுக்கு 2012இல் அதே விருதை வாங்கிக் கொடுத்திருக்க முடியாது. நேயர்கள் சில வேளைகளில் பயிற்றுநர்களைவிட நன்றாகவே பார்க்கிறார்கள்.

பயிற்றுநர்களை நான் குறை சொல்வதும் அரைமனதோடுதான். காஃபின் வாக்காளர்களில் தேசிய அணிகளின் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். லெசோத்தோவின் பயிற்றுநர் சனிக்கிழமை மாலையில் தொலைக்காட்சியைத் திறந்தால் இங்கிலாந்து லீக் வரும். கெய்ரோவின் லீக் வராது. வாக்குப் பெட்டியைப் பரிஸிலிருந்து காஃபின் தலைமையகம் உள்ள கெய்ரோவுக்கு மாற்றினார்கள். தொலைக்காட்சிப் பெட்டியை மாற்றவில்லை. இந்த விருதின் வரலாறு முழுவதும், நிர்வாகம் யாரிடம் இருந்தது என்பதைவிட, வாக்காளர் எந்த ஆட்டங்களைப் பார்த்தார் என்பதாலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

3 டிசம்பர்

துரோக்பாவின் கதையைக் கேட்டவருக்கு: 2007இன் விருது விழா 2008 பெப்ரவரியில் டோகோவின் லோமேயில், கானாவில் ஆபிரிக்கக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, வைக்கப்பட்டது. காலிறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஐவரி கோஸ்ட் அணியை விட்டு அவர் போகவில்லை. விருது மாலியின் கனூட்டேக்குப் போயிற்று. விழாவுக்கு வராததால் தனக்குரியது கைமாறியது என்று துரோக்பா வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பின்னர் சமாதானமாகி 2009இன் விருதை வாங்கிக்கொண்டார். ஆசியக் கூட்டமைப்பும் நீண்ட காலம் விழாவுக்கு வருபவருக்கே பரிசு என்று பிடிவாதமாக இருந்ததனால், தென்கொரியாவின் பார்க் ஜி சுங் போன்ற ஒருவர் ஆசியாவின் சிறந்த வீரர் பட்டியலிலேயே இல்லை. துரோக்பாவுக்கு எல்லைக்கு அப்பால் ஒரு டக்சி அனுப்பியிருக்கலாம். முன்னுதாரணம் 1967இலேயே இருக்கிறது.

6 டிசம்பர்

கனூட்டே வென்றதில் இன்னொரு திருப்பம் உண்டு. ஆபிரிக்காவுக்கு வெளியே பிறந்து இந்த விருதைப் பெற்ற முதல் வீரர் அவர். லியோனுக்கு அருகில் பிறந்து, பிரான்சின் இளையோர் அணிக்கு ஆடி, 2004இல் விதி மாறியதால் மாலிக்கு வந்தவர். அவருக்குப் பின் லவாலில் பிறந்த ஒபமெயாங், சார்செல்லில் பிறந்த மஹ்ரெஸ், லண்டனில் பிறந்து இங்கிலாந்தின் இளையோர் அணியோடு உலகக் கிண்ணம் வென்ற லுக்மன், இப்போது மட்ரிட்டில் பிறந்த ஹக்கிமி. முதலில் வீரர்கள் வெளியே போனார்கள். பின்னர் வெளியே பிறந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். பரிஸின் புறநகரில் பிள்ளை வளர்க்கும் எனக்கு இதைக் குறையாகப் பார்க்க மனம் வரவில்லை. சார்செல்லில் மஹ்ரெஸின் படத்தை முதுகில் சுமந்து ஓடும் பையன்களுக்கு அல்ஜீரியா வெறும் விடுமுறை ஊர் அல்ல.

10 டிசம்பர்

உள்ளூரில் ஆடுபவருக்கு இன்று என்ன இடம் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 2024இன் இறுதி ஐவரில் ஒருவர் ரோன்வென் வில்லியம்ஸ். தென்னாபிரிக்காவின் சன்டவுன்ஸ் கழகக் கோல்காப்பாளர். ஆபிரிக்கக் கிண்ணக் காலிறுதியில் கேப் வேர்டின் நான்கு பெனல்டிகளைத் தடுத்தவர். அவருக்குச் சிறந்த கோல்காப்பாளர் பரிசையும், ஆபிரிக்கக் கழகங்களில் ஆடுபவர்களுக்கான பரிசையும் கொடுத்தார்கள். பெரிய விருது, ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த லுக்மனுக்கு. இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் தனிப் பரிசு என்று ஒன்று இருக்கும்வரை, உள்ளூர் வீரருக்கு ஏற்கனவே கொடுத்தாயிற்று என்ற நிம்மதி வாக்காளருக்கு இருந்துகொண்டே இருக்கும். சஞ்சிகை 1995 வரை ஆபிரிக்கர்களுக்குச் செய்ததை காஃப் இன்று தன் வீட்டுக்குள்ளேயே உள்ளூர்க்காரர்களுக்குச் செய்கிறது.

என்னைக் கேட்டால் அந்தத் தனிப் பரிசை நிறுத்திவிட வேண்டும். சில ஆண்டுகள் உள்ளூர் வீரர்கள் வெறுங்கையோடு போவார்கள், சத்தம் எழும், அந்தச் சத்தம் வாக்காளர்களின் காதில் விழட்டும்.

11 டிசம்பர்

அபூத்ரிக்காவின் அலமாரியிலிருந்து நான்கு பரிசுகளைப் பிடுங்கச் சொல்கிறீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. அந்த நான்கையும் எடுத்துக்கொண்டு 2008இன் பெரிய விருதைக் கொடுங்கள் என்கிறேன். அவரே சம்மதிப்பார்.